நம்ம பெட்டியில என்ன கார்டு?

"யம்மா, நம்ம கம்ப்யூட்டர்ல என்ன கார்டு போட்டிருக்கு?"

மாமா இப்படிக் கேட்டபோது நான் அடுப்பிலிருந்து ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். காதில் பாதிதான் விழுந்தது. ரேஷன் கார்டைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, "பீரோவுல இருக்கு மாமா, நடுத்தட்டுல" என்றேன்.

"பீரோவுல இருக்கிறது இல்லம்மா. இது படம் காட்டுற கார்டு. கிராபிக்ஸ் கார்டாம்ல. அது என்ன கார்டுன்னு தெரிஞ்சாத்தான் பஸ் ஓடுமாம்."

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் கணவரின் அப்பா என்னிடம் இத்தனை வார்த்தைகள் சேர்த்துப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. சமையலறை வாசலில், உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாதவர் போல நின்றுகொண்டிருந்தார்.

மாமா அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரை, தென்காசி, திருநெல்வேலி என்று எல்லாத் தடத்திலும் ஓட்டியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. சேத்தூர் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் பள்ளிக்கூட வேனை ஓட்டினார். அத்தை காலமான பிறகு அந்த வேன்தான் அவருக்கு வீடு, வாசல், எல்லாம். ஒரு நாள் வேனை நிறுத்தும்போது பக்கத்துச் சுவரில் உரசிவிட்டார். மறு வாரம் இன்னொரு முறை. வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து மதுரைக்கு அழைத்துப்போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். நேராகப் பார்ப்பது நன்றாக இருக்கிறது, பக்கவாட்டுப் பார்வைதான் சுருங்கிக்கொண்டே வருகிறது, அதிலும் இடது பக்கம் அதிகம், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்றார்.

வேன் போயிற்று. வீட்டில் இருந்த பைக்கை மட்டும் மாமா விடவில்லை. கடைக்குப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்தார். என் கணவர் நூல் மில்லில் மெஷின் ஃபிட்டர். யாரோ பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மில் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"எதிர்ல வாற பஸ்ஸோட போர்டை நான் அம்புட்டுத் தூரத்துல இருந்து படிக்கேன். இவன் எனக்குக் கண்ணு தெரியலைங்கான்" என்று மாமா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. மகன் வீட்டில் இருக்கும் நேரத்தில் சுத்தமாக நின்றுவிடும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டதும் டிவி முன்னால் போய் உட்காருவார். பாதி நேரம் டிவி அணைந்துதான் கிடக்கும்.

அவரோடு பல வருடம் ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் ஒருவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அவரும் ஓய்வு பெற்றவர். போனில் ஒரு பஸ் விளையாட்டைக் காட்டினார். நம் ஊர் அரசு பஸ்ஸைப் போலவே அதற்கு நிறம் பூசி, அதே ஹாரன் சத்தத்தையும் வைத்திருந்தார்கள். மாமா போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். "பொடிசா இருக்கேடே" என்றார். "கம்ப்யூட்டர்ல போட்டா பெருசா தெரியும். ஒம்மருமகட்டதான் கம்ப்யூட்டர் இருக்கே" என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பில் போட்டுக் கொடுக்கிறேன். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருந்தோம். கண்டக்டர் போன மறுநாள், நான் வேலையை முடித்து எழுந்ததும் மாமா என் நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்றார். வாய் திறந்து கேட்கவில்லை. நானாகத்தான் அந்த விளையாட்டைத் தேடி இறக்கினேன். திறந்தால் திரை கறுப்பாகி, கிராபிக்ஸ் சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மாமா கண்டக்டருக்குப் போன் போட்டுச் சொல்ல, முதலில் என்ன கார்டு என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியைத்தான் சமையலறை வாசல் வரை கொண்டுவந்திருந்தார்.

ரசத்தை மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பில் போடத் தெரியும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். போனில் தேடிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் இருக்கும் உறுப்புகளை எல்லாம் காட்டும் டிவைஸ் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, அதில் டிஸ்ப்ளே என்ற இடத்தைத் திறந்தால் கார்டின் பெயர் வரும் என்று போட்டிருந்தது. திறந்தேன். கார்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'சாதாரண டிஸ்ப்ளே' என்று பொருள்படும்படி ஏதோ இருந்தது. அது எந்தக் கார்டின் பெயரும் இல்லை. மறுபடி தேடியதில்தான் விவரம் புரிந்தது.

"மாமா, கார்டு உள்ள இருந்தாலும் இருக்கலாமாம். ஆனா அதுக்கு டிரைவர் இல்லைங்குது."

"எதுக்கு டிரைவரு?"

"அந்தக் கார்டை ஓட்டுறதுக்கு ஒரு புரோகிராம் போடணுமாம். அதுக்குப் பேரு டிரைவராம்."

மாமா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டி ஷெட்டுல நிக்குது. டிரைவர் இல்லாம கெடக்கு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் நானும் அவரும் ஒரே விஷயத்துக்கு ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டிரைவரைப் போட வேண்டுமானால் என்ன கார்டு என்று தெரிந்தாக வேண்டும். என்ன கார்டு என்று தெரிய வேண்டுமானால் டிரைவர் போட்டிருக்க வேண்டும். இந்தச் சுற்றுக்குள் ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம். குருட்டாம்போக்கில் ஒரு டிரைவரை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். பொருந்தாது என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது. "லைசென்ஸ் இல்லாத ஆளை ஏத்தினா அப்படித்தான் இறக்கி விடும்" என்றார் மாமா.

அடுத்தபடியாகப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒயர்களைக் கழற்றி, பழைய செய்தித்தாளை விரித்து, பெட்டியைப் படுக்கவைத்தேன். மாமா திருப்புளியோடு வந்து பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பஞ்சுத் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. இந்த ஊரில் எதைத் திறந்தாலும் உள்ளே கொஞ்சம் பஞ்சு இருக்கும். நான் பெயிண்டு அடிக்கும் பிரஷ்ஷால் தள்ள, மாமா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சின்ன விசிறி வைத்த ஒரு கார்டு குறுக்கே உட்கார்ந்திருந்தது.

"இருக்கும்மா, இருக்கு!" என்றார், காட்டுக்குள் எதையோ கண்டுவிட்டவர் போல.

கார்டு இருந்தது, பெயர்தான் இல்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டு சூட்டில் கருகி, எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. நான் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சைபரும் பாதி எட்டும் தெரிந்தன. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. விற்ற கடைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "எந்தக் கார்டு போட்டுக் குடுத்தோம்னு ஞாபகம் இல்லக்கா. பெட்டியைக் கொண்டு வாங்க, செத்த நேரத்துல பாத்துச் சொல்லிருதேன்" என்றாள்.

என் கணவர் அன்று பகல் ஷிப்டு. வரட்டும், பைக்கில் வைத்துக் கொண்டுபோகலாம் என்றேன். மாமா கேட்கவில்லை. "இங்க இருக்கிற வில்லிபுத்தூருக்கு அவன் எதுக்கு? பஸ்ஸுல போவோம் வா" என்று வேட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். மாமா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நான். ஓட்டியவர் இளவயதுக்காரர், மாமாவை அடையாளம் தெரியாதவர். வண்டி மில் பகுதியைத் தாண்டி வேகம் எடுத்ததும் நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். மாமாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு மாட்டுவண்டி வந்தது. டிரைவர் பிரேக் போடுவதற்குக் கொஞ்சம் முன்பே மாமாவின் கால் அழுத்திவிட்டது. திருப்பங்களில் பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த கைகளும் லேசாகத் திரும்பின. அவருக்கே அது தெரிந்திருக்காது. நான் சாலையைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மலையில மேகம் இறங்கிருக்கா?" என்று கேட்டார். மலை எங்களுக்கு இடது பக்கம், அவருடைய ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. தலையை முழுக்கத் திருப்பிய பிறகுதான் "ஆமா, இறங்கிருக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கடையில் முக்காடு போட்ட ஒரு பெண் மேஜையில் குனிந்து எதையோ சால்டரிங் செய்துகொண்டிருந்தாள். என்னைவிட இளையவள். கல்லாவில் இருந்தவர் அவள் கணவர். மாமா நேராக அவரிடம் போய்ப் பெட்டியை நீட்டினார். அவர் சிரித்துக்கொண்டே, "பெட்டியெல்லாம் அவிய டிபார்ட்மென்டு. நான் சார்ஜர், கவர் விக்கதோட சரி" என்று மனைவியைக் காட்டினார்.

அவள் பெட்டியை வாங்கி ஒயர்களை மாட்டினாள். நான் திறந்த அதே இடத்தைத்தான் திறந்தாள். ஆனால் பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், அதற்குள்ளே போய் விவரங்கள் என்று இருந்ததை அமுக்கி, 'ஹார்டுவேர் ஐடி' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான வரி வந்தது.

"இது என்னம்மா?" என்று மாமா கேட்டார்.

"கம்பெனியிலயே கார்டுக்குள்ள எழுதி அனுப்புற நம்பர் ஐயா. முதல் பாதி எந்தக் கம்பெனின்னு சொல்லும், அடுத்த பாதி எந்த மாடல்னு சொல்லும். மேல ஒட்டுன சீட்டு போனாலும் இது அழியாது."

"வண்டியோட சேஸிஸ் நம்பரு மாதிரி."

"அதேதான் ஐயா."

அந்த வரியை அப்படியே நெட்டில் போட்டுத் தேடினாள். பெயர் வந்துவிட்டது. வாய்க்குள் நுழையாத எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஒரு பெயர். மாமா அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நாங்கதான் புதுசா சிஸ்டம் போட்டப்ப டிரைவரைப் போடாம விட்டிருக்கோம். பில்லு போடதுக்குத்தானேன்னு நெனைச்சிருப்போம்" என்று அந்தப் பெண் வருத்தப்பட்டாள். சரியான டிரைவரை இறக்கிப் போட்டதும் திரை ஒருமுறை இருண்டு, பிறகு பளிச்சென்று வந்தது. எழுத்தெல்லாம் கழுவித் துடைத்தது போல் இருந்தது. இத்தனை நாளும் மங்கலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கார்டு பழசுதான் ஐயா. வெளையாட்டுல படத்தோட தரத்தைக் கொறைச்சு வச்சுக்கிட்டா நல்லா ஓடும். மரமெல்லாம் அட்டையில வெட்டி வச்ச மாதிரித்தான் தெரியும்" என்றாள்.

"மரத்தை யாரு பாக்கப் போறா? ரோடு தெரிஞ்சாப் போதும்."

திரும்பும்போது மாமா வழக்கமான கடையில் பால்கோவா வாங்கினார். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலமே பஸ் ஓடியது. மாமா விசைப்பலகையின் அம்புக்குறிகளை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு ஓட்டினார். நான் விளையாட்டு என்றால் வேகமாகப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தினார். சிக்னலில் ஆளே இல்லாதபோதும் நின்றார். திருப்பத்துக்கு வெகு முன்பே இண்டிகேட்டர் போட்டார். ஏறும் பயணிகள் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்காங்க" என்றார்.

நான்கைந்து நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு மாலை நான் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். மாமா ஊருக்குள் இடது பக்கம் திரும்பினார். டமால் என்று சத்தம். ஒரு மொபெட் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. விளையாட்டுதான். ஆனாலும் மாமா விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இந்தக் கார்டு சரியில்லம்மா" என்றார். "பக்கத்துல வாற வண்டியக் காட்ட மாட்டேங்கு. நேத்தும் இப்படித்தான் ஆச்சு. திடீர்னு முன்னால வந்து விழுதான்."

நான் பூவைத் தொடுத்தேன்.

"அந்தப் பொண்ணு பழசுன்னு சொல்லுச்சுல்ல? கார்டை மாத்தினாச் சரியாகிரும்." சொல்லிவிட்டு என் பக்கம் முழுக்கத் திரும்பினார். "நீ பாத்தியா அவன?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வரவில்லை.

"பாத்தேன் மாமா."

"எங்க இருந்து வந்தான்?"

"இடது பக்கம், பஸ்ஸோட சைடு கண்ணாடிக்குக் கீழ. செத்த நேரமா கூடவே வந்துட்டுதான் இருந்தான்."

மாமா திரையையே பார்த்தார். பிறகு அந்த விளையாட்டை மூடச் சொன்னார். வெறும் திரையில் மவுஸின் அம்பு மட்டும் நின்றது.

"அதை இடது ஓரத்துக்குக் கொண்டு போ. நான் நடுவுல பாத்துக்கிட்டே இருக்கேன். நீ மெதுவா உள்ள கொண்டு வா. தெரியும்போது சொல்லுதேன்."

நான் அம்பை ஓரத்துக்குத் தள்ளி, அங்கிருந்து மெல்ல நகர்த்தினேன். அவர் கண்ணை அசைக்காமல் நடுவில் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பு நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது. அவர் சொல்லவில்லை. நான் நினைத்ததைவிட நடுவுக்கு மிகப் பக்கத்தில் வந்த பிறகுதான் "இப்ப" என்றார். திரும்பிப் பார்த்து அம்பு நிற்கும் இடத்தை அளந்தார்.

"இங்கயா?"

"ஆமா மாமா."

"இன்னொரு தரம் செய்."

செய்தேன். அதே இடம். வலது பக்கமும் பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கம் அவ்வளவு மோசமில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கார்டு மேல தப்பில்ல" என்றார். "பள்ளிக்கூடப் பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கேன்மா இந்தக் கண்ண வச்சிக்கிட்டு."

"ஒண்ணும் ஆகலையே மாமா. நிறுத்திட்டோம்ல."

அவர் நான் கட்டிய பூவில் ஒரு துண்டைக் கிள்ளி, எழுந்து போய் அத்தை படத்துக்கு வைத்தார்.

மறுநாள் காலையில் என் கணவர் வழக்கம் போலச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார். மாமா வாசலில் நின்றார்.

"ஏலே, அந்தப் பைக்கை விக்கிறதா இருந்தா வித்துரு. சும்மா நின்னா டயரு வீணாப் போயிரும்."

என் கணவர் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "பாப்பம்ப்பா, என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வேலை முடிந்து வர அவருக்கு நேரமாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார். கையில் யாரோ விளையாடிவிட்டு விற்ற ஒரு ஸ்டியரிங், கால் பெடல்களோடு. மேஜையில் அதை மாட்டினார், மில்லில் மெஷினுக்கு போல்ட் முடுக்குவது போல அழுத்தமாக. மாமா பக்கத்தில் நின்று, "இன்னும் செத்த கீழ இறக்குலே, எனக்கு வயிறு இடிக்கும்லா" என்றார். இறக்கினார். இருவரும் அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

இப்போது பில் வேலை முடிந்ததும் நான் நாற்காலியை இடது பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறேன். மாமா நடுவில். எனக்குக் கண்டக்டர் வேலை. "இடது பக்கம் ஸ்கூட்டர் மாமா" என்பேன். "பாத்துட்டேன்" என்பார். பாதி நேரம் பார்த்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சைக்கிளுக்கு ஒரு மாதிரி, லாரிக்கு ஒரு மாதிரி குரல் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் மறந்துபோய் எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கத்தினால் கோபம் வரும். "ஏட்டி, பிள்ளையவும் மாட்டையும் ஒரே மாதிரிச் சொன்னா நான் எதுக்கு எம்புட்டு பிரேக் போட?" முன்பெல்லாம் என்னை 'யம்மா' என்று மட்டும்தான் கூப்பிடுவார். பெற்ற மகளை அழைப்பது போல ஏட்டி என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று நான் கவனிக்கவில்லை.

நேற்று என் கணவர் ஷிப்டு முடிந்து வந்து, பசியோடு எங்கள் பின்னால் நின்றார்.

"சாப்பாடு இருக்கா, இல்ல நானே போட்டுக்கவா?"

நான் எழப் போனேன். மாமா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டித் தடுத்தார்.

"செத்த பொறுலே. வண்டி ஸ்டாண்டுக்குள்ள திரும்புது. இப்ப இவ எந்திரிக்கக் கூடாது."